எந்த ஐஸ் ஹாக்கி அணியைப் பிடிப்பது? தொலைதூர ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

ஆட்டம் நடக்கும் ஊருக்கு ஒருமுறைகூடப் போகாதவர்கள், போவதற்கு வாய்ப்பும் இல்லாதவர்கள், ஏதோ ஓர் இரவு ஒரு கோலின் காணொளியைப் பார்த்துவிட்டு ஐஸ் ஹாக்கியில் விழுந்துவிடுவது உண்டு. நானும் அப்படி விழுந்தவன்தான். விழுந்த மறுவாரமே "எந்த அணியைப் பிடிப்பது?" என்ற கேள்வி வந்துவிடும். நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் அணி எது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் கீழே உள்ள ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் படிப்பீர்கள்.

அணி என்று ஒன்று வேண்டுமா? சும்மா பார்த்து ரசிக்கக்கூடாதா?

தாராளமாக ரசிக்கலாம். ஆனால் வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் அணிக்கு 82 ஆட்டம் கொண்ட சீசன் ஒன்றில் மொத்தம் 1,312 ஆட்டங்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமலே ஆர்வம் வடிந்துவிடும். அணி என்று ஒன்று இருந்தால் இன்றைக்கு எந்த ஆட்டம் என்ற கேள்விக்கே இடமில்லை. எதிரணி, வெறுப்பு, காயம்பட்ட வீரரைப் பற்றிய கவலை எல்லாம் தானாக வந்து சேரும்.

எந்த லீக்கில் தேடுவது?

உலகின் தலைசிறந்த வீரர்களில் பெரும்பாலோர் என்.ஹெச்.எல்லில்தான் ஆடுகிறார்கள். 1917-ல் மான்ட்ரியலில் தொடங்கிய லீக் அது. இன்று அமெரிக்காவில் 25, கனடாவில் 7 என்று 32 அணிகள். இந்தப் பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஆனால் ஐரோப்பாவை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்வீடனின் எஸ்.ஹெச்.எல்., பின்லாந்தின் லீகா, சுவிட்சர்லாந்தின் நேஷனல் லீக், ஜெர்மனியின் டி.இ.எல்., செக் எக்ஸ்ட்ராலீகா எல்லாமே நல்ல தரமான ஆட்டம். வட அமெரிக்க அரங்கில் பெரிய திரை "சத்தம் போடுங்கள்" என்று சொன்னால் கூட்டம் சத்தம் போடும். ஐரோப்பாவில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. முரசும் பாட்டுமாகக் கடைசிவரை ஓயாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் அணியின் அரங்கில், நின்றுகொண்டே பார்க்கும் ரசிகர்களின் அந்தச் செங்குத்தான மேடையை ஒரு தடவை திரையில் பாருங்கள், புரியும். ஸ்வீடனில் கடைசி இடத்துக்குப் போகும் அணிக்குக் கீழ் லீக்குக்கு இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. என்.ஹெச்.எல்லில் அந்தப் பயமே கிடையாது. அங்கே தோற்றவனுக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சிக்கல்: ஐரோப்பிய லீக்குகளைப் பற்றிய செய்தியும் அலசலும் பெரும்பாலும் அந்தந்த நாட்டு மொழியில்தான் கிடைக்கும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? வரலாறா, வீரர்களா, கோப்பைகளா?

கடிகாரத்தை. இதைச் சொன்னால் எல்லோரும் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஆனால் தூரத்தில் இருக்கும் ரசிகர் விளையாட்டைக் கைவிடுவதற்கு முதல் காரணம் தூக்கம்தான்.

நியூயார்க், பாஸ்டன், டொரான்டோ, மான்ட்ரியல் போன்ற கிழக்கு ஊர்களில் ஆட்டம் வழக்கமாக மாலை 7 மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் அது கிரீன்விச் நேரப்படி சரியாக நள்ளிரவு. லாஸ் ஏஞ்சலீஸ், வான்கூவர், சியாட்டில் போன்ற மேற்குக் கரை ஊர்களில் அதே 7 மணி என்பது கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. மூன்று மணி நேரம்தானே என்று தோன்றும். உங்கள் ஊர் நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் இருப்பவருக்குக் கிழக்கு அணி என்றால் தூக்கம் கெட்டாலும் சமாளிக்கலாம், மேற்கு அணி என்றால் விடிந்தேவிடும். ஆசியாவில் பல இடங்களில் கிழக்கு அணியின் ஆட்டம் விடியற்காலையிலும் மேற்கு அணியின் ஆட்டம் வேலைக்குக் கிளம்பும் நேரத்திலும் வரும். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் எல்லாமே பகல் ஆட்டம்தான், அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்க்கும் சாமர்த்தியம் மட்டும் வேண்டும்.

இரண்டு நுணுக்கங்கள். கிழக்கு அணியும் சீசனில் சில தடவை மேற்கே பயணம் போகும். அந்த வாரங்களில் உங்கள் கணக்கு குலையும். சனி, ஞாயிறுகளில் பகல் ஆட்டங்களும் உண்டு. கிழக்கில் பகல் 1 மணி என்றால் குளிர்காலத்தில் கிரீன்விச் மாலை 6 மணி. ஐரோப்பிய ரசிகருக்கு அது தீபாவளி மாதிரி. ஓர் அணியைப் பிடிக்குமுன் அதன் ஆட்ட அட்டவணையில் எத்தனை ஆட்டங்களை உங்களால் விழித்திருந்து பார்க்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். 82-ல் 25 தேறினாலே போதும்.

ஜெயிக்கிற அணியைப் பிடித்தால் என்ன தப்பு?

தப்பொன்றும் இல்லை, ஆனால் அந்த வெற்றி உங்கள் கையில் நிற்காது. 2004-05 சீசன் முழுக்கவே முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் ரத்தானது. அந்தத் தகராறு முடிந்தபோது வந்ததுதான் சம்பள உச்சவரம்பு. எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் அதற்கு மேல் செலவழிக்க முடியாது. 2025-26 சீசனில் அது ஓர் அணிக்கு 9 கோடியே 55 லட்சம் டாலர். கோப்பை வென்ற அணியில் எல்லோரும் சம்பள உயர்வு கேட்பார்கள், எல்லோருக்கும் கொடுக்க இடம் இருக்காது, நல்ல ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

மறுபக்கம் டிராஃப்ட். பதினெட்டு வயதை எட்டும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். கீழே கிடக்கும் அணிகளுக்குத்தான் முதல் வாய்ப்புகளில் பங்கு. அதுவும் குலுக்கல் முறையில். சிகாகோவைப் பாருங்கள். பல வருடம் மோசமாக ஆடியதால் 2006-ல் ஜானதன் டேவ்ஸும் 2007-ல் பாட்ரிக் கேனும் கிடைத்தார்கள். 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பைகள். பிறகு மறுபடி சரிவு. அந்தச் சரிவின் பலனாக 2023-ல் கானர் பெடார்ட். இராட்டினக் கிணறுபோல ஒரு வாளி மேலே வரும்போது இன்னொன்று கீழே போகும்.

ஆக, இன்று உச்சத்தில் இருக்கும் அணியைப் பிடித்தால் நீங்கள் வந்து சேரும்போது விருந்து முடிந்து இலை எடுக்கும் நேரமாக இருக்கலாம். என் பரிந்துரை: இப்போது நடுவில் அல்லது கீழே இருந்து, நல்ல இளைஞர்கள் மூன்று நான்கு பேர் வைத்திருக்கும் அணி. அவர்கள் வளர்வதை ஆரம்பத்திலிருந்து பார்க்கும் சுகம் வேறு.

ஆனால் "கீழே இருப்பவர் எப்படியும் மேலே வருவார்" என்று யாருக்கும் உத்தரவாதம் தரமாட்டேன். பஃபலோ சேபர்ஸ் 2011-12 முதல் 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன்கள் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) பக்கமே போகவில்லை. லீக் வரலாற்றிலேயே நீளமான வறட்சி அது. எதிர்த்திசையில் செயின்ட் லூயிஸ் புளூஸ்: 2019 ஜனவரி தொடக்கத்தில் 31 அணிகளில் கடைசி இடம், அதே வருடம் ஜூனில் கையில் லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பை. 1967-ல் லீக்கில் சேர்ந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

பழைய பாரம்பரிய அணியா, புதிய அணியா?

1942 முதல் 1967 வரை லீக்கில் ஆறே அணிகள்: மான்ட்ரியல், டொரான்டோ, பாஸ்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸ், டெட்ராய்ட், சிகாகோ. "ஒரிஜினல் சிக்ஸ்" என்று இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். இவற்றில் ஒன்றைப் பிடித்தால் கதைகளுக்குப் பஞ்சமில்லை. டெட்ராய்ட் ரசிகர்கள் பனித்தளத்தில் ஆக்டோபஸை வீசுவார்கள். 1952-ல் கோப்பைக்கு எட்டு வெற்றிகள் தேவைப்பட்டன, ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள், அவ்வளவுதான் காரணம். அந்த வருடம் டெட்ராய்ட் எட்டு ஆட்டத்திலும் வரிசையாக வென்றது.

பாரம்பரியத்தோடு பாரமும் வரும். மான்ட்ரியல் கனேடியன்ஸ் 24 கோப்பைகள் வென்ற அணி, ஆனால் கடைசியாக வென்றது 1993-ல். அதன்பிறகு 2025 வரை கனடாவின் எந்த அணிக்கும் கோப்பை இல்லை. டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸின் கடைசிக் கோப்பை 1967. டொரான்டோ தோற்றால் மற்ற 31 அணிகளின் ரசிகர்களும் சிரிப்பார்கள். அதைத் தாங்கும் தோல் இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்.

புதிய அணியில் எல்லோருமே புதியவர்கள். "நீ எப்போதிலிருந்து ரசிகன்?" என்று கேட்க ஆளில்லை. வேகஸ் கோல்டன் நைட்ஸ் 2017-18-ல் தன் முதல் சீசனிலேயே இறுதிச்சுற்றுக்குப் போய் வாஷிங்டனிடம் தோற்றது, 2023-ல் கோப்பையை வென்றது. சியாட்டில் கிராக்கன் 2021-ல் ஆடத் தொடங்கி, 2023 பிளேஆஃப் முதல் சுற்றில் நடப்பு சாம்பியன் கொலராடோவை வெளியேற்றியது.

எனக்கு ஒரு வீரரைத்தான் பிடிக்கும். அவர் இருக்கும் அணியையே பிடித்துவிடலாமா?

ரொம்பப் பேர் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். சுலோவேனியாவில் பலர் லாஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸைப் பின்தொடர்ந்ததற்கு ஒரே காரணம் ஆன்சே கோபிதார். அந்த நாட்டிலிருந்து என்.ஹெச்.எல்லுக்கு வந்த முதல் வீரர் அவர். 2012-ல் கோப்பை வென்றதும் அதைத் தன் சொந்த ஊருக்கே கொண்டுபோனார். வென்ற அணியின் ஒவ்வொருவரும் ஒருநாள் கோப்பையை வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். ஜெர்மனிக்காரர்களுக்கு எட்மன்டனின் லியோன் டிரைசைட்ல், சுவிஸ்காரர்களுக்கு நாஷ்வில் கேப்டன் ரோமன் யோசி.

ஆனால் வீரர் போய்விட்டால்? 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மன்டன் அணி வெய்ன் கிரெட்ஸ்கியையே லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கொடுத்துவிட்டது. நான்கு கோப்பைகள் வாங்கித் தந்த, விளையாட்டின் மிகப்பெரிய பெயர். அவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? பிட்ஸ்பர்க்கில் சிட்னி கிராஸ்பி 2005 முதலும், வாஷிங்டனில் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் அதே வருடம் முதலும் ஒரே சட்டையில் ஆடிவருவது விதிவிலக்கு. கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல் 6 அன்று ஒவெச்கின் முறியடித்ததும் அதே வாஷிங்டன் சட்டையில்தான்.

ஒரு வீரரைப் பிடித்து உள்ளே வாருங்கள். ஒரு சீசன் முடிவதற்குள் அந்த அணியில் வேறு மூன்று பேரையாவது பிடித்திருந்தால், அது உங்கள் அணி. இல்லையென்றால் நீங்கள் அந்த வீரரின் ரசிகர், அவர் போகும் இடமெல்லாம் போகலாம், அதிலும் கேவலம் ஒன்றுமில்லை.

சின்னமும் நிறமும் அழகாக இருக்கிறது என்பதற்காக ஓர் அணியைப் பிடிப்பது சிறுபிள்ளைத்தனமா?

இல்லை. வருடத்துக்கு எண்பது இரவு அந்த நிறத்தைத்தானே பார்க்கப்போகிறீர்கள்.

நான் பிடித்த அணி ஊரைவிட்டே போய்விட்டால்?

இது நிஜமான அபாயம். மினசோட்டா அணி 1993-ல் டல்லஸுக்குப் போனது, ஹார்ட்ஃபர்ட் 1997-ல் கரோலினாவுக்கு, அட்லான்டா 2011-ல் வின்னிபெக்குக்கு. 2024-ல் அரிசோனா அணியின் வீரர்கள் மொத்தமாக யூட்டாவுக்கு மாறினார்கள்; அது இப்போது யூட்டா மாமத். எல்லாவற்றிலும் கொடுமை கியூபெக். 1995-ல் அணி கொலராடோவுக்குப் போனது, போன முதல் சீசனிலேயே கோப்பையை வென்றது. இத்தனை வருடம் காத்திருந்த கியூபெக் ரசிகர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

தொலைவில் இருக்கும் நமக்கு இதில் ஒரு விசித்திரமான சலுகை உண்டு. அணி எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு அது அதே தூரம்தான், ஆட்ட நேரம் மட்டும் மாறும்.

விதிகள் ஒன்றும் தெரியாது. பக் கண்ணுக்கே தெரிவதில்லை. முதலில் அதைக் கற்றுக்கொண்டு வரவா?

வேண்டாம், பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். பக் என்பது ஏழரை சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர் வட்டு. பலமாக அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டும். அதைத் துரத்தினால் கண்தான் வலிக்கும். ஆட்டக்காரர்களைப் பாருங்கள், எல்லோருடைய உடலும் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கேதான் பக் இருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஆரம்பத்துக்கு மூன்று விஷயம் போதும். எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டைப் பக்குக்கு முன்னால் நீங்கள் தாண்டினால் ஆஃப்சைடு. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டினால் ஐசிங். சிறு தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார, அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். எதிரணிக்கு அது பவர்பிளே. அதில் எதிரணி கோல் அடித்தால் அந்தத் தண்டனை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று புதியவர்களைத் திகைக்க வைக்கும்: ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் தளத்தில் இருப்பது ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம் அளவுக்குத்தான். அந்த வேகத்தில் அதற்கு மேல் யாராலும் ஆட முடியாது.

புள்ளிப்பட்டியலில் மூன்றாவது எண் ஒன்று இருக்கிறதே, அது என்ன?

ஓவர்டைமிலோ (சமநிலையில் இருந்தால் ஆடும் கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (அதிலும் முடிவு வராவிட்டால் ஒருவர் ஒருவராக கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பது) தோற்ற ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, அப்படித் தோற்றாலும் 1 புள்ளி. தோல்விக்கும் புள்ளி தரும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது, ஆனால் மார்ச் மாதத்தில் என் அணிக்கு அது கிடைக்கும்போது வாயைத் திறக்கமாட்டேன். பிளேஆஃபில் ஷூட்அவுட் இல்லை. கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். அலாரம் வைத்து எழுந்தவர்கள் ஜாக்கிரதை.

சண்டை போடுகிறார்களே, அது சகஜமா?

முன்பு சகஜம். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. பல ஆட்டங்கள் ஒரு சண்டையும் இல்லாமல் முடியும். சண்டைபோட்ட இருவருக்கும் ஐந்து நிமிடத் தண்டனை. சண்டைக்காகவே பார்க்க வருகிறீர்கள் என்றால் சீக்கிரம் அலுத்துவிடும்.

இரண்டு அணிகளை வைத்துக்கொள்ளலாமா?

என்.ஹெச்.எல்லுக்குள் இரண்டு வேண்டாம். என்றாவது ஒருநாள் இரண்டும் மோதும், அன்று உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் வெவ்வேறு லீக்கில் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது நல்ல யோசனை. குறிப்பாகப் பெண்கள் லீக்கைப் பாருங்கள். பி.டபிள்யூ.ஹெச்.எல். 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கியது. முதல் சீசனில் அணிகளுக்கு ஊர்ப்பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. முதல் இரண்டு கோப்பைகளும் மினசோட்டாவுக்கு. 2025-26-ல் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்தன. மான்ட்ரியல் கேப்டன் மாரி ஃபிலிப் பூலன் 2010, 2014, 2022 ஒலிம்பிக் இறுதிகளில் கனடாவுக்குத் தங்கத்தை உறுதிசெய்த கோல்களை அடித்தவர். லீக் பிறந்து சில வருடம்தான் ஆகிறது என்பதால், முதல் பக்கத்திலிருந்தே படிக்கக் கிடைத்த கதை இது.

விடிய விடிய முழு ஆட்டம் பார்க்க முடியாது. அப்படியும் ரசிகராக இருக்க முடியுமா?

முடியும். பலரும் காலையில் சுருக்கக் காணொளிதான் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குமுன் கைபேசியில் முடிவு கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாடு. அணியின் செயலியில் கோல் அறிவிப்பை அணைத்துவைப்பது முதல் வேலை. எனக்கு ஒரு விடுமுறை நாளில், உறவினர் ஒருவர் பாசத்தோடு "உன் டீம் தோத்துடுச்சாமே" என்று அனுப்பிய செய்தியால் முழு ஆட்டமும் வீணாய்ப் போயிருக்கிறது.

வானொலி வர்ணனையையும் முயன்று பாருங்கள். நல்ல வர்ணனையாளர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டம் தெரியும். மொழி புரியாவிட்டாலும் உற்சாகம் தொற்றும்: 2016 இறுதிச்சுற்றில் பிட்ஸ்பர்க்கின் நிக் போனினோ வெற்றி கோல் அடித்தபோது, கனடாவின் பஞ்சாபி ஒளிபரப்பில் ஹர்நாராயண் சிங் "போனினோ, போனினோ, போனினோ" என்று மூச்சுவிடாமல் முழங்கியது பஞ்சாபி தெரியாத ஊர்களிலும் பரவியது.

எங்கே பார்ப்பது என்பது நாட்டுக்கு நாடு, சீசனுக்குச் சீசன் மாறும். செப்டம்பரில் ஒருமுறை லீக்கின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முழு வருடத்துக்கும் உடனே கட்ட வேண்டாம்.

நேரில் பார்க்க வழியே இல்லையா?

சிலசமயம் ஆட்டமே பயணம் வரும். 1997 அக்டோபரில் வான்கூவரும் அனஹைமும் டோக்கியோவில் சீசனைத் தொடங்கின; லீக் ஆட்டங்கள் வட அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது அதுவே முதல்முறை. 2007-ல் லண்டன், 2023 செப்டம்பரில் மெல்போர்னில் பயிற்சி ஆட்டங்கள், 2025 நவம்பரில் ஸ்டாக்ஹோம். உங்கள் அணிதான் வரவேண்டும் என்று அடம்பிடிக்காமல், எது வந்தாலும் போய்ப் பாருங்கள். சறுக்குக் கத்தி பனியைக் கீறும் அந்தச் சத்தம் எந்தத் திரையிலும் சரியாகக் கேட்பதில்லை.

ஜெர்சி வாங்கலாமா? யார் பெயர் போட்டு?

முதல் வருடம் பெயரே போடாமல் வாங்குங்கள். கட்டாயம் பெயர் வேண்டுமென்றால் நீண்ட ஒப்பந்தத்தில் இருப்பவராகப் பாருங்கள், அல்லது ஓய்வுபெற்றவராக. ஓய்வுபெற்றவரை யாரும் வேறு அணிக்கு மாற்ற முடியாது.

எப்போது தொடங்குவது?

சீசன் தொடங்கும் அக்டோபரில். ஏப்ரலில் பிளேஆஃபோடு வந்தால் ஆட்டம் உச்சத்தில் இருக்கும், ஆனால் 16 அணிகள்தான் மிச்சம், யார் எவர் என்று பிடிபடுவதற்குள் பாதி அணிகள் வீட்டுக்குப் போய்விடும். அக்டோபரில் உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும் மூன்று அணிகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டங்கள் பாருங்கள். எந்த அணி 4-1 என்று பின்தங்கியிருந்தும் கடைசிப் பகுதியான மூன்றாவது பகுதிவரை உங்களால் படுக்கப்போக முடியவில்லையோ, அதுதான் உங்கள் அணி. மற்ற இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.